எந்த வெர்ஷன் என்று யார் சொன்னது?

பில்ட் ஓடும்போது திரையில் சரசரவென்று நகரும் 'டவுன்லோடிங்' வரிகளை ஜாவா எழுதுபவர்களில் அதிகம் பேர் படிப்பதில்லை. ஒருமுறை நின்று படித்தேன். என் புரோகிராம் பயன்படுத்தும் இரண்டு லைப்ரரிகள், மூன்றாவது ஒன்றின் இரு வேறு வெர்ஷன்களைக் கேட்டிருந்தன. பில்ட் கருவியான மேவன் பழையதை இறக்கிக்கொண்டு புதியதை ஒதுக்கியிருந்தது. அப்படிச் செய்யச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் விடை மேவனின் ஆவணத்திலேயே இருக்கிறது. டிபென்டன்சிகளை, அதாவது புரோகிராம் சார்ந்திருக்கும் லைப்ரரிகளை, மரமாக விரித்தால், நம் புரோஜெக்டிலிருந்து குறைந்த படிகளில் எட்டுகிற வெர்ஷனே எடுக்கப்படும். மூன்றாம் படியில் புதியதும் இரண்டாம் படியில் பழையதும் இருந்தால், பழையதுதான். இரண்டும் ஒரே படியில் நின்றால், டிபென்டன்சிகளை எழுதி வைக்கும் போம் கோப்பில் முதலில் எழுதியதன் வழியாக வருவது. இந்த இரண்டாவது விதிகூட மேவன் 2.0.9 முதல்தான் உறுதியானது; அதற்கு முந்தைய சில வெளியீடுகளில் எது வெல்லும் என்று வரையறுக்கவே இல்லை. ஆக, இது படிகளை எண்ணும் கணக்கு. எது எதனோடு ஒத்துப்போகும் என்ற கேள்வியே இதில் கிடையாது.

இதன் விளைவுக்கு இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் குவாவா என்ற ஜாவா லைப்ரரி. பெரிய தரவுகளைக் கையாளும் ஹடூப்பின் இரண்டாம் வரிசை குவாவா 11.0.2ஐச் சார்ந்திருந்தது. குவாவா 17இல், ஸ்டாப்வாட்ச் என்ற கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை வெளியிலிருந்து அழைக்க முடியாதபடி மூடிவிட்டார்கள். பழையதை நம்பி எழுதிய ஜாரும் (கம்பைல் ஆன ஜாவா கோப்புகளின் பொதி) புதிய குவாவாவும் ஒன்றாகச் சேர்ந்தால் கம்பைலர் வாய் திறக்காது. அந்த ஜார்தான் எப்போதோ கம்பைல் ஆகி முடிந்துவிட்டதே. ஜாவா மெத்தட்களை ஓடும் நேரத்தில்தான் பெயர் பார்த்து இணைக்கிறது. 'பில்ட் சக்சஸ்' என்று வந்த புரோகிராம், அந்தக் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் வரியைத் தொடும் நொடியில் விழும். பிறகு ஹடூப் 3.3 வரிசையில் குவாவாவை வேறு பேக்கேஜ் பெயருக்கு மாற்றித் தமக்கென்று தனியாக வைத்துக்கொண்டார்கள்.

சரி, இப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது? பழைய ஓப்பன் சோர்ஸ் புரோஜெக்டுகளைப் புரட்டினேன். மேவன் 1.0 வந்தது 2004இல். அந்தக் காலத்துக் கோப்புகளில் தேவையான ஒவ்வொரு ஜாரும் வெர்ஷனோடு கையால் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு லைப்ரரிக்குத் தேவையான லைப்ரரியையும் நாமேதான் எழுத வேண்டும். 2005 அக்டோபரில் வந்த மேவன் 2தான் டிபென்டன்சியின் டிபென்டன்சியையும் தானாகத் தேடி இறக்கியது. மோதலும் அதோடு வந்தது, மோதலைத் தீர்க்கும் விதியும் அதோடு வந்தது.

மேவன் 1 ஜார்களை எடுத்த முகவரி ஐபிப்ளியோ. அமெரிக்காவின் சேப்பல் ஹில்லில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில், 1992இல் சன்சைட் என்ற பெயரில் தொடங்கிய இணையக் காப்பகம் அது. லினக்ஸின் ஆரம்ப காலப் புரோகிராம்களைச் சேர்த்து வைத்திருந்ததும் அங்கேதான். ஒரு பல்கலைக்கழகம் பொதுவுக்குக் கொடுத்த இடத்திலிருந்து உலகம் முழுக்க ஜார்கள் போயிருக்கின்றன என்று பார்த்தபோது உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தது. அதன் இடத்தில் இன்று இருக்கும் பொதுக் காப்பகமான மேவன் சென்ட்ரலில் ஒருமுறை வெளியிட்டதை மாற்றவோ நீக்கவோ முடியாது. குவாவா 11.0.2 இன்றும் இறங்குவது அதனால்தான்.

இதற்கும் முன்னால் போனால் ஜகார்த்தா டர்பைன் என்ற ஓப்பன் சோர்ஸ் முயற்சி. அதன் புரோஜெக்டுகள் ஒவ்வொன்றுக்கும் சற்றே மாறுபட்ட ஆன்ட் பில்ட் கோப்பு; ஜார்களையும் சிவிஎஸ் என்ற வெர்ஷன் கன்ட்ரோலுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சிக்கலை எளிதாக்கத்தான் மேவன் பிறந்தது. நியாயமான காரணம். ஆனால் சிவிஎஸ்ஸில் ஒரு ஜாரைப் போட்டவர் அதன் வெர்ஷனைத் தன் கண்ணால் பார்த்துத்தான் போட்டார். தானியங்கி டவுன்லோட் வந்ததும் அந்தப் பார்வை போய்விட்டது. இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

மோதலைத் தீர்க்க மற்ற கருவிகள் வைத்திருக்கும் விதிகள் வேறு. கிரேடில் இருப்பதில் உயர்ந்த வெர்ஷனை எடுக்கும். 2018இல் கோ மொழியின் 1.11 வெளியீடு கொண்டுவந்த முறையில், ஒவ்வொருவரும் 'குறைந்தது இது வேண்டும்' என்று சொன்னவற்றுள் உயர்ந்தது எதுவோ அது. கோவின் வழி எனக்குப் பிடிக்கும். யாரும் கேட்காத வெர்ஷன் அதில் உள்ளே வராது. என்றாலும், தேர்ந்ததை ஓட்டிப் பார்த்தால் ஒத்துப்போகுமா என்று எந்த விதியும் சோதிப்பதில்லை.

என் புரோஜெக்டுகளில் இப்போது மேவனின் என்ஃபோர்சர் பிளகினின் டிபென்டன்சி கன்வர்ஜன்ஸ் விதியைச் சேர்த்திருக்கிறேன். ஒரே லைப்ரரிக்கு இரு வெர்ஷன் கேட்கப்பட்டால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்று ரிலீஸ் நோட்ஸைப் படித்து, டெஸ்ட் ஓட்டி, எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று போமில் ஒரு கமென்ட் எழுதிவிட்டே மேலே போகிறேன்.