மொட்டை டயர்

ஐப்பசி அடைமழையில் ஓரிரவு, நம் இளைய மகன் ஓட்டிவந்த வாடகை வேன் ஊரெல்லைப் பாலத்தருகே வழுக்கி, அரைவட்டமாகச் சுழன்று, கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. திருமண வீட்டாரை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியாதலால் வண்டியில் அவனைத் தவிர வேறு எவரும் இல்லை. விடிந்ததும் நாம் சக்கரங்களைக் குனிந்து பார்த்தோம். பின்டயர் இரண்டிலும் பட்டன் என்பது பெயருக்கும் இல்லை. உள்ளங்கை போல் வழவழத்தன. சினம் மேலிடப் பேசக்கூடாத சில சொற்களையும் பேசிவிட்டோம். அவன் தலை நிமிராமல் ஒன்றே ஒன்று சொன்னான்: "மொட்டை டயரிலேதான் அத்தா, ஹாமில்டன் உலகப் பட்டமே ஜெயிச்சாரு."

ஒரு கூற்று வந்தால் அதைக் கொண்டுவந்தவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று விசாரிப்பது மதரசா நாட்களிலிருந்தே நம்மைப் பற்றிய பழக்கம். இதையும் விசாரித்தோம். மகன் சொன்னது பொய்யல்ல. 2020 நவம்பர் 15 அன்று இஸ்தான்புல்லில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், ஆறாவது இடத்திலிருந்து புறப்பட்ட லூயிஸ் ஹாமில்டன், மொத்தம் 58 சுற்றுகளில் கடைசி 50 சுற்றுகளையும் ஒரே ஜோடனை டயர்களில் ஓட்டி முடித்தார். ஈரச் சாலைக்கென வரி வெட்டிய இடைநிலை டயர்கள் அவை. பந்தயம் முடிந்தபோது வரிகள் மறைந்து, வறண்ட சாலைக்குரிய வழவழப்பு டயர் போலாகிவிட்டன. இரண்டாவதாக வந்தவரை அவர் 31 வினாடிக்கு மேல் முந்தியிருந்தார். மைக்கேல் ஷூமாக்கரின் ஏழு பட்டங்களை அன்று சமன் செய்தார்.

மகனிடம் தோற்றுவிட்டோமோ என்ற எண்ணம் நம்மை உறுத்தியது. ஆகவே டயர் எவ்வாறு தேய்கிறது என்பதையே படிக்கத் தொடங்கினோம்.

உராய்வுக்கு அரபியில் 'இஹ்திகாக்' என்பர். சொறி, அரிப்பு ஆகியவற்றுக்கான 'ஹிக்கா' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. டயரைப் பொறுத்தவரை இவ்வுறவு மிகப் பொருத்தம். உருளும் டயர் அதிகம் தேய்வதில்லை. இழுபட்டுச் சொறியப்படும் டயரே தேய்கிறது. ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்பினால், முன்சக்கரம் நோக்கும் திசைக்கும் வண்டி செல்லும் திசைக்கும் நடுவே கோணம் விரிகிறது. அது அளவு மீறினால் ரப்பர் சாலையில் பக்கவாட்டில் அரைபடுகிறது. பிரேக்கை மிதமிஞ்சி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு, ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து தட்டையாகிறது. அதன்பின் ஒவ்வொரு சுழற்சியிலும் அத்தட்டை வண்டியை உலுக்கும். வளைவைவிட்டு வெளியேறும் முன்பே ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின்சக்கரங்கள் வீணே சுழன்று வெந்துபோகின்றன.

டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரு கைம்முதல் போன்றது. பிரேக்குக்கு முழுவதும் செலவிட்டால் திரும்புவதற்கு மிச்சமில்லை. தேர்ந்த ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை மெல்ல மெல்லத் தளர்த்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். ஒன்றில் விட்டதை மற்றொன்றில் ஏற்றுகிறார். ஆயினும் வெறும் மென்மை போதாது என்பதை அறிந்து வியந்தோம். பந்தய டயர் குறிப்பிட்ட வெப்பத்தில்தான் சாலையைப் பற்றும். அளவு கடந்து தடவிக்கொடுத்தால் அது குளிர்ந்து வழுக்கும். வழுக்கினால் மேற்பரப்பு பொடிப்பொடியாய்ச் சுருண்டு உரியும். மெதுவாக ஓட்டியவனின் டயரும் கெடுவதுண்டு!

இக்கலையில் பெயர்பெற்றவர் மெக்சிக்கோவின் செர்ஜியோ பெரெஸ். 2012இல் இத்தாலியின் மோன்சாவில் 12ஆம் இடத்தில் புறப்பட்டு, முதல் ஜோடனையை நெடுநேரம் காத்து, இரண்டாவதாக வந்தார். இஸ்தான்புல்லில் ஹாமில்டனுக்கு அடுத்து வந்தவரும் அவரே.

ஆனால் நம்மை நிறுத்திவைத்தது வேறொரு செய்தி. அதே ஹாமில்டன், 2007 அக்டோபரில், தம் 22ஆம் வயதில், ஷாங்காய் பந்தயத்தில் இதே வகை டயரில்தான் ஓடினார். சாலை உலர்ந்துகொண்டிருந்தது, குழுவினர் அவரை உடனே அழைக்கவில்லை. பின்டயர் உள்நூல் தெரியுமளவு தேய்ந்தது. டயர் மாற்ற உள்ளே திரும்பும் வளைவிலேயே வழுக்கிச் சரளையில் புதைந்தார். அவ்வாண்டுப் பட்டம் ஒரே புள்ளியில், 110க்கு 109 என, கிமி ராய்க்கோனனிடம் போயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இஸ்தான்புல்லில் இறுதிச் சுற்றுகளில் டயர் மாற்ற அழைத்தபோது அவர் வரவில்லை. ஷாங்காயில் கற்ற பாடத்தைப் பின்னர் அவரே நினைவுகூர்ந்தார்.

இப்போது மகனுக்கு விடை நம் கையில் இருந்தது. இஸ்தான்புல்லில் அப்போது சாலை ஈரமாக இருந்ததேயன்றி நீர் தேங்கவில்லை. அத்தகைய மென்னீரில் தேய்ந்த ரப்பர் நெளியாமல், அதிகம் சூடேறாமல், அகலமாகப் பற்றியது. நீர் தேங்கியிருந்தால் வரியற்ற டயர் அதனை வெளியேற்ற இயலாமல் நீரின் மேலேயே மிதந்திருக்கும். நம் பாலத்தடியில் நேர்ந்தது அதுவே. நம் நாட்டுச் சட்டம் கார்களுக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது வரி இருக்க வேண்டும் என்பது வீணுக்கன்று.

இவ்வளவையும் சொல்லி முடித்தோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டயர் மாத்தணும்னு ரெண்டு மாசத்துக்கு முந்தியே பணம் கேட்டேனே அத்தா" என்றான்.

கேட்டான்தான். தங்கையின் நிக்காஹ் செலவு முடியட்டும் என்று தள்ளிப்போட்டது நாமே. அன்றிரவும், "இன்னும் எங்கே நிற்கிறாய்?" என்று இருமுறை தொலைபேசியில் கேட்டவரும் நாமே.

மறுநாள் இருவரும் டயர்க் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெரியவர் கழற்றிய டயரை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். "தம்பி வளைவுல கொஞ்சம் வேகம்தான், காத்தும் குறைவு" என்றார். மகன் சிரித்தான். திரும்பும்போது அவனருகில் அமர்ந்திருந்தோம். பாலத்து வளைவு வந்தது. நாம் ஒன்றும் பேசவில்லை. வண்டி மெல்லத் திரும்பி, நம் மடியிலிருந்த பழைய ரசீதுத் தாளைக்கூட அசைக்காமல், நேரானது.