ஜாம்கேட்டில் ஆறு நாட்கள்

இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தில் ஜாம்கேட் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் இடமல்ல அது. என்றாலும், கிராம மக்களின் சுகாதாரத்தைப் பற்றிப் படிப்பவர்கள் பல நாடுகளிலிருந்தும் நீண்ட காலமாக அங்கு போய் வருகிறார்கள். எழுத்தறியாத ஏழைப் பெண்கள் சுகாதாரப் பணியாளர்களாகித் தங்கள் கிராமங்களின் நிலையையே மாற்றிய இடம் அது. சமூக வேலையில் இருக்கும் நாங்கள் ஆறு பேர், வடக்கிலிருந்து மூவரும் கிழக்கிலிருந்து மூவருமாக, அங்கு ஆறு நாட்கள் தங்கியிருந்தோம். கண்டவற்றையும் கேட்டவற்றையும் சகோதரிகளாகிய உங்களுடன் பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

வரண்ட பூமி

பூனே நகரிலிருந்து பஸ்ஸில் புறப்பட்டோம். பாதி வழியில் வரும் அகமத்நகர்தான் மாவட்டத் தலைநகர். 2024இல் அதன் பெயரை அகில்யாநகர் என்று மாற்றியிருக்கிறார்கள். அதைத் தாண்டியதும் பச்சை குறைந்து கொண்டே போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மழை முகில்களைத் தடுத்து விடுவதால் மலைக்குக் கிழக்கே உள்ள இந்தப் பிரதேசத்துக்கு மழை அருமை. கரிய மண், வெடித்த வயல்கள், தூரத்தில் மொட்டைக் குன்றுகள். கடுங்கோடையில் மன்னார்ப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.

அங்கே சோறு குறைவு. இறுங்கு மாவில் தட்டிய ரொட்டியும் பருப்புமே அன்றாட உணவு. எங்களோடு வந்த முல்லைத்தீவு அக்கா முதல் நாள் அந்த ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில இதுவும் கிடைக்கேல்லைப் பிள்ளை" என்றார். பிறகு எல்லோரும் நன்றாகவே சாப்பிட்டோம்.

வேலூரில் படித்த இருவர்

1970இல் ராஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்னும் வைத்தியத் தம்பதியர் இங்கு வந்தார்கள். இருவரும் தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரமும் கற்றவர்கள். நகரத்தில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும் வைத்தியர் எட்டிப் பாராத ஊரொன்றையே தேடி வந்தார்கள்.

அன்றைய நிலையைச் சொல்ல ஓர் எண் போதும். 1971இல் இப்பகுதியில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயதைக் காணாமல் இறந்தன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் போசாக்கில்லாமல் இருந்தார்கள். வயிற்றோட்டத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பிய பிள்ளை அதே அழுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி வரும். வைத்தியசாலைக்குள் இருந்துகொண்டு இதைத் தீர்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

1972இல் கொடிய வரட்சி வந்தது. மக்கள் முதலில் கேட்டது மருந்தை அல்ல, சோற்றையும் தண்ணீரையுமே. அரோலே தம்பதியர் பிள்ளைகளுக்குக் கிராமத்துச் சமையற்கூடங்களை நடத்தவும் கிணறுகளைத் தோண்டவும் உதவினார்கள். குழாய்க் கிணறுகளைத் தலித் மக்களின் குடியிருப்புப் பக்கமாக அமைத்தார்கள். தீண்டாமை பாராட்டியவர்களும் தண்ணீர் வேண்டுமென்றால் அங்கேதான் போகவேண்டும். சாதி ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஒரே குழாயடியில் எல்லாக் குடங்களும் நின்றன.

தாதி தங்காத ஊர்

தொடக்கத்தில், பயிற்சி பெற்ற இளம் உதவித் தாதியர்களைக் கிராமங்களில் தங்கவைக்கவே முயன்றார்கள். அது சரிவரவில்லை. தனியாக ஓர் இளம்பெண் அந்நிய ஊரில் இரவு தங்குவது பாதுகாப்பாக இல்லை. அவள் சொல்வதை ஊர்ப் பெண்கள் கேட்டார்கள், ஆனால் நம்பவில்லை. நாளைக்கு மாற்றலாகிப் போகிறவளிடம் வீட்டுத் துன்பத்தை யார் சொல்வார்கள்?

இதைக் கேட்டபோது எங்கள் ஊர்கள் நினைவுக்கு வந்தன. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து வீடு வீடாக வரும் மருத்துவமாதுக்களே எமது தாய்சேய் நலத்தின் அத்திவாரம். பதினெட்டு மாதப் பயிற்சி, அரசாங்கச் சம்பளம், ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற ஏற்பாடு இந்தியக் கிராமங்களுக்குக் கிடைக்காத பேறு. ஆனால் போர்க்காலத்தில் எங்கள் பகுதிகளில் எத்தனை இடங்கள் வெற்றிடமாகக் கிடந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். வெளியிலிருந்து வருபவர் வரமுடியாமற் போகும்போது ஊருக்குள் யார் இருக்கிறார்? ஜாம்கேட் விடை தேடியது இந்தக் கேள்விக்குத்தான்.

ஒவ்வொரு கிராமமும் தன் பெண்களுக்குள் ஒருத்தியைத் தெரிந்து அனுப்பியது. வந்தவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள், தலித் பெண்கள், கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள். நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தெரிந்தது இரக்கத்தினால் மாத்திரமல்ல. பசியையும் பிள்ளைச் சாவையும் கண்டவளிடம்தான் மற்றவள் மனந்திறந்து பேசுவாள் என்பதும் ஒரு காரணம்.

ஒரே போர்வையின் கீழ்

இந்தப் பெண்கள் வாராவாரம் நிலையத்துக்கு வந்து இரவு தங்கிப் படித்தார்கள். முதலில் ஒருவர் தொட்ட பாத்திரத்தை மற்றவர் தொடமாட்டார். இரவில் எல்லோரும் போர்த்திக் கொள்ளும்படி போர்வைகளைச் சேர்த்துத் தைத்து ஒரே பெரும் போர்வையாகக் கொடுத்தார்களாம். குளிருக்குச் சாதி தெரியாது. அங்கே முதற் பாடம் அதுதான்.

அடுத்த பாடங்கள் படங்கள், பாட்டு, நாடகம், பொம்மைகள் வழியாக நடந்தன. கர்ப்பிணியை எப்படிப் பார்ப்பது, எது ஆபத்தான அறிகுறி, தொப்புள்கொடியைச் சுத்தமாக வெட்டுவது, குழந்தையை நிறுப்பது, தொழுநோய்க்கும் காசநோய்க்கும் மருந்தைத் தவறாமல் கொடுப்பது எல்லாம் கற்றார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் மனனம் செய்தார்கள். அடுத்த வாரம் வந்து தாங்கள் செய்ததைச் சொல்லி, பிழையைத் திருத்திக் கொண்டு புதியதைப் படித்தார்கள். பயிற்சி ஒரு சான்றிதழோடு முடிந்துவிடவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக வந்து படித்தவர்களும் உண்டு. முன்பு வயிற்றோட்டமும் ஏற்புவலியும் படித்தவர்கள் பின்பு நீரிழிவும் இரத்த அழுத்தமும் படித்தார்கள்.

தாதியின் வேலையும் இங்கு மாறியது. வைத்தியர், தாதி, சமூகப் பணியாளர் அடங்கிய நடமாடும் குழு கிராமத்துக்குப் போகும். அங்கே தாதி அதிகாரியாக வந்து குறை காண்பவர் அல்ல. கிராமப் பெண்ணுக்கு ஆசிரியை. அவளால் முடியாததைத் தான் செய்து காட்டி, முடிந்ததை அவளிடமே விட்டுவிடுவார். தாதியர் கல்வி என்றால் நோயாளியைப் பராமரிக்கும் படிப்பு என்றே நினைத்திருந்தோம். இன்னொருவருக்குக் கற்பிக்கும் படிப்பும் அதற்குள் அடங்கும் என்பதை அங்கே கண்டோம்.

கிராமத்தில் ஒரு காலை

மூன்றாம் நாள் ஒரு கிராமத்துக்குப் போனோம். அங்குள்ள பணியாளருக்கு அறுபதுக்கு மேல் வயது. அவர் மராத்தியில் பேச, இளம் பயிற்றுநர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழாக்கினேன். பத்து வயதில் கலியாணம் நடந்ததாகவும், பிள்ளையை இழந்த பின் வீட்டார் தன்னோடு பேசுவதையே குறைத்துக் கொண்டதாகவும் சொன்னார். இப்போது அவர் தெருவில் போனால் வாசலுக்கு வாசல் கூப்பிடுகிறார்கள்.

ஒரு வீட்டில் குழந்தைக்கு வயிற்றோட்டம். அவர் தாயைத் திட்டவில்லை. உச்சிக்குழியையும் கண்ணையும் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். பிறகு தானே கலக்காமல் தாயைக் கொண்டே கலக்க வைத்தார்: கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், சீனி மட்டமாக ஆறு தேக்கரண்டி, உப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டி. எங்களுக்கு ஜீவனிப் பக்கற் கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில் இந்த அளவு உயிர் காக்கும். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. அதனால்தான் தாயின் கையாலேயே அளக்கச் செய்கிறார்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்றும், பிள்ளை சோர்ந்து போனாலோ குடிக்க மறுத்தாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, அதைத் தாயின் வாயால் திரும்பச் சொல்ல வைத்தார்.

"ஏன் நீங்களே கலந்து கொடுக்கவில்லை?" என்று கேட்டேன். "இரவில் வயிற்றால் போனால் நானா பக்கத்தில் இருப்பேன்?" என்று திருப்பிக் கேட்டார்.

இப்படியான பெண்களின் உழைப்பினால் 1990களில் அங்கு குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 30க்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட்டும் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. 1979இல் அரோலே தம்பதியருக்கு மக்சேசே விருது கிடைத்தது. மேபல் 1999இலும் ராஜ் 2011இலும் காலமானார்கள்.

1988இல் வாஷிங்டனில் நடந்த சுகாதார மாநாடொன்றில் முக்தாபாய் போல் என்னும் கிராமப் பணியாளர் பேசியதை அங்கே இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். மண்டபத்துச் சரவிளக்கைக் காட்டி, அது அழகானது, விலை கூடியது, எட்டாத உயரத்தில் இருப்பது என்றாராம். தான் கொண்டுபோன சிறு விளக்கோ மலிவானது, ஆனால் இன்னொரு விளக்கை ஏற்றக் கூடியது என்றாராம்.

நிலையத்தின் ஒரு மூலையில் செயற்கைக்கால் செய்யும் பட்டறை இருக்கிறது. ஜெய்ப்பூர்க் கால் என்றதும் எங்களில் இருவர் அங்கேயே நின்றுவிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து எங்கள் மக்களுக்குப் பொருத்தப்படும் கால் அதே வகையைச் சேர்ந்ததுதான். மொழி தெரியாத ஊரில் தெரிந்த ஒரு பொருள்.

எமக்கு இதில் என்ன இருக்கிறது?

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். ஜாம்கேட் பெண்கள் பெரும்பாலும் தொண்டர்களே. ஆடு மாடு வாங்கவும் சிறுதொழில் செய்யவும் கடன் பெற்று, சொந்தக் காலில் நின்றுதான் இந்தப் பணியைச் செய்தார்கள். இந்திய அரசு 2005இல் தொடங்கிய 'ஆஷா' திட்டத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பெண்கள் சேர்ந்தார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களைக் கௌரவித்தது. ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது நிரந்தரச் சம்பளமல்ல, படியும் ஊக்கத்தொகையும்தான். அதற்காக அவர்கள் பல தடவைகள் போராடியிருக்கிறார்கள். எங்கள் வடக்கிலும் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்ததைக் கண்டோம். பெண்ணின் உழைப்பு என்றால் புகழ் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அறிவு பெறுவது எம் உரிமை என்றால், உழைப்புக்கு ஊதியம் கேட்பதும் உரிமையே.

அதேவேளை, சம்பளம் வரும்வரை அறிவு காத்திருக்கத் தேவையில்லை. போரின் பின் எங்களிடம் பலர் வந்தார்கள், விபரம் எழுதினார்கள், உதவி தந்தார்கள், போனார்கள். பட்டியல்களில் நாம் 'பாதிக்கப்பட்டோர்', 'பயனாளிகள்' ஆனோம். ஜாம்கேட்டில் அதே நிலையில் இருந்த பெண்களைக் கிராமத்துக்கு வேண்டியவர்களாகப் பார்த்தார்கள். துன்பம் பட்டவள் என்பது அங்கே ஒரு தகுதியாயிற்று.

உங்கள் பகுதி மருத்துவமாது வரும்போது அவரிடம் குழந்தையின் நிறையை மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கோடு ஏன் இறங்குகிறது என்றும் கேளுங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்தபின் அரை மணி நேரம் ஒதுக்கி, இரத்த அழுத்தமோ நீரிழிவோ மனச்சோர்வோ, ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேச அவரை அழையுங்கள். கேட்டதை அடுத்த வாரம் ஒருவருக்கொருவர் திரும்பச் சொல்லிப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவை முன்வரிசையில் இருத்துங்கள். ஜாம்கேட்டில் அப்படிப்பட்டவர்கள்தான் ஆசிரியைகளானார்கள்.