வைக்கோல் விரித்த தம்பி

கிறிஸ்துமஸ் என்றாலே எல்லோரும் கேக், புதுத்துணி பற்றித்தான் எழுதுவார்கள். நான் எங்கள் வீட்டுக் குடிலைப் பற்றி எழுதுகிறேன்.

1223ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கிரேச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாடும் கழுதையும் நிறுத்தி, தீவனத் தொட்டியில் வைக்கோல் போட்டுக் குடில் அமைத்தாராம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் டிசம்பர் பாதியிலேயே வேலை ஆரம்பித்துவிடும். ஆச்சி கேழ்வரகை ஊறப்போட்டு, ஈரத்துணியில் முளைகட்டி, மண் நிரப்பிய சிரட்டைகளில் தூவுவார்கள். தண்ணீர் தெளிப்பது சின்னப் பிள்ளைகள் வேலை. 24ஆம் தேதிக்குள் பச்சைப்பசேல் என்று வளர்ந்துவிடும். அதுதான் குடிலுக்குப் புல்வெளி. அப்பா மூங்கில் குச்சியில் நட்சத்திரம் கட்டுவார்கள். அம்மாவும் சித்தியும் முந்திரிக்கொத்து சுடுவார்கள். திருடித் தின்று திட்டு வாங்குவது நான்!

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் குழந்தை இயேசு சுரூபத்தைக் குடிலில் வைப்போம். வீட்டிலேயே சின்னப் பிள்ளைதான் வைக்கணும். இது தாத்தா காலத்து வழக்கம். பத்து வயசு வரை நான் வைத்தேன். அப்புறம் மூன்று வருஷம் தம்பி வைத்தான். போன வருஷம் சித்தி மகளுக்கு மூன்று வயசு ஆகிவிட்டதால் அவள் முறை.

பூசை முடிந்து வந்து பார்த்தால் சுரூபத்தைக் காணோம்! அலமாரி, பெட்டி, கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினோம். அம்மா அழுகிற மாதிரி ஆகிவிட்டார்கள். தம்பி மட்டும் தேடவில்லை. சிரட்டைகள் பக்கத்திலேயே நின்றான். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு சிரட்டையில் புல் சாய்ந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். மண்ணுக்குள் குழந்தை இயேசு.

அடிக்கத்தான் கை ஓங்கினேன். "இனிமே நான் வைக்க முடியாதுல்லக்கா?" என்று கேட்டு அழுதான். எனக்குச் சுருக்கென்றது. அவன் முதல்முதலாக வைத்த அன்று நான் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் அழுதேன். அது யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன்.

ஆச்சி சுரூபத்தைக் கழுவித் துடைத்தார்கள். திட்டவே இல்லை. "ஏலே, வெறுந்தரையில பிள்ளையக் கிடத்துவாங்களா? நீ முதல்ல வைக்கோல விரி. பெரிய பிள்ளைக்கு அதுதாம்ல வேலை" என்றார்கள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு வைக்கோலை மெத்தை மாதிரி விரித்தான். பாப்பா குழந்தையை வைத்தாள். "குத்துதா?" என்று சுரூபத்திடம் கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இந்த வருஷம் தம்பி இப்போதே வைக்கோல் சேர்த்து வைத்திருக்கிறான்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் தம்பி தங்கை இருப்பார்கள். அடிக்கும் முன் ஒரு நிமிடம் ஏன் என்று கேளுங்கள். அனைவருக்கும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துக்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி