கங்கைக் கரையில் கூடாரவாசம்

ஹரித்துவாரத்தில் கங்கையோரம் கூடாரமடித்துத் தங்கப் போகிறவர்கள் நாம், ஸ்நானத்துக்கு வேண்டியவற்றையெல்லாம் மறவாமல் எடுத்துச் செல்கிறோம். மலங்கழிக்கும் ஏற்பாட்டை மட்டும் நினைப்பதில்லை!

1915-ஆம் வருஷக் கும்பமேளாவில் அங்கே யாத்திரிகர்களுக்காகக் குழிகள் வெட்டப்பட்டன. மலத்தை மண்ணிட்டு மூடும் வேலையை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகளின் போனிக்ஸ் கூட்டத்தார் தாமே முன்வந்து ஏற்றனர்.

நமக்கோ வேலை சொற்பம். மூடியுள்ள வாளி, அதன்மேல் இருக்கைப் பலகை, பக்கத்தில் மரத்தூள். ஒவ்வொரு முறையும் மலம் மறையத் தூவினால் ஈ மொய்க்காது, நாற்றமும் அடங்கும். நிரம்புமுன், ஆற்றுக்கு வெகு தூரத்தில் குழி தோண்டிக் கொட்டி மூடிவிட வேண்டும். ஆற்று மணல் உதவாது. வெள்ளம் வந்தால் எல்லாம் கங்கைக்கே போய்ச் சேரும். கூலிக்கு ஆள் தேடவும் வேண்டாம். பிறரைக் கொண்டு மலத்தைக் கையால் அள்ளச் செய்வது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அதற்கு முன்பும் அது நமக்குப் பெருமையாயிருந்ததில்லை.

வாளி கழுவிய ஜலமும் குழிக்கே. பிறகு நீராடப் போகலாம்.