ஓரி மலையில ஒரு கிஃப்ட் ஷாப்பிங்!

பொங்கல் லீவு நெருங்குது. ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணா, மெஸ் அக்கா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, பார்ட் டைம் வேலை பார்க்கிற கடையில கூட நிக்கிற நாலு பேர்... எல்லாருக்கும் ஏதாவது கொடுக்கணும்னு மனசு சொல்லுது. பர்ஸோ 'மூச்!'ங்குது. கிஃப்ட் கடையில ஒரு பீங்கான் பொம்மை வாங்குறதுக்குள்ள மாச பட்ஜெட் காலி. அந்தப் பொம்மையும் கடைசியில ஷோகேஸ்ல தூசி வாங்கிட்டு நிக்கும். அதனால ஃப்ரெண்ட்ஸ், ஒரு சனிக்கிழமை கொல்லிமலைக்கு பஸ் ஏறுங்க. கிஃப்ட்டும் ஆச்சு, டூரும் ஆச்சு!

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி. அங்கேதான் மலை ஆரம்பிக்குது. மேலே போக மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவு வரைக்கும் பஸ்ல ஒரே பாட்டும் கும்மாளமுமா இருக்கும். முப்பதைத் தாண்டினா எல்லாரும் கப்சிப். எதுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் கைவசம் இருக்கட்டும். மேலே ஏறிட்டா சில்லுனு காத்து, சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப்பிடிச்சு ஏறுற மிளகுக் கொடி, ரெண்டு பக்கமும் காபிச் செடி. வந்த களைப்பு போன இடம் தெரியாது.

செம்மேட்டுல வல்வில் ஓரிக்கு சிலை இருக்கு. கடையேழு வள்ளல்கள்ல ஒருத்தர், இந்த மலையை ஆண்டவர். வருஷா வருஷம் ஆடி மாசம் இவருக்கு இங்கே அரசு விழா எடுக்குது. புறநானூற்றுல வன்பரணர் இவரைப் பத்திப் பாடியிருக்கிற ரெண்டு பாட்டு நம்ம மேட்டருக்கு ரொம்ப முக்கியம். ஒரு பாட்டுல, காட்டுல வேட்டையாடிட்டு இருந்த ஓரி, எதிர்ல வந்த பாணர்களுக்கு மான்கறி சமைச்சுப் போட்டு, தன் மலையில பிறந்த பொன்னையே அள்ளித் தர்றார். இன்னொண்ணுல கிடைக்கிற பரிசு, குளத்துல பூக்காத குவளைப் பூ. அதாவது, கையால செஞ்சு நாருல தொடுத்த பூ! கூடவே யானைகளும் உண்டு. வயிறு நிறைஞ்சுபோன பாணர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்துட்டாங்களாம்.

யானைக்கு நாம எங்கே போறது? ஆனா ஃபார்முலா கிடைச்சிடுச்சு. மலையில விளைஞ்சது, கையால செஞ்சது, வயித்துக்குப் போறது. இந்த மூணும் இருந்தா அது ஓரி கிஃப்ட்!

ஷாப்பிங்குக்கு சோளக்காடு போங்க. மிளகு, மலை வாழை, அன்னாசின்னு குவிஞ்சு கிடக்கும். நமக்கு வேண்டியது மூணே மூணு. மிளகு, சாமை, கட்டித் தர வாழைநார். மத்த சாமானெல்லாம் ஊர் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். வீட்டுல காலியா கிடக்கிற ஜாம், ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கழுவி, வெயில்ல நல்லா காய வெச்சுடுங்க. ஈரம் இருந்தா எல்லாமே வேஸ்ட்.

வாட்ச்மேன் அண்ணாவுக்கு சுக்கு மல்லி காபிப் பொடி. மல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ரெண்டு ஸ்பூன். லேசா வறுத்து, ஆறவிட்டு, பொடிச்சு பாட்டில்ல போடுங்க. கருப்பட்டித் துண்டைத் தனியா ஒரு பேப்பர் பொட்டலத்துல கட்டிக் கொடுங்க. மார்கழிப் பனியில ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறவருக்கு இதைவிட வேற என்ன வேணும்?

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு சாமைப் பொங்கல் பாட்டில். சாமை ஒரு கப், வாசம் வர்ற வரைக்கும் வறுத்து ஆறவிட்ட பாசிப்பருப்பு அரை கப். கண்ணாடி பாட்டில்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க. மேலே ஒரு குட்டிப் பொட்டலத்துல மிளகு, சீரகம், சின்னதா ஒரு சுக்குத் துண்டு. 'ஆறு கப் தண்ணி, உப்பு, குக்கர்ல நாலு விசில், கடைசியா நெய்யில தாளிக்கவும்'னு சீட்டு எழுதி, வாழைநாரால கட்டிடுங்க.

கூட வேலை பார்க்கிறவங்களுக்கு ரசப்பொடி. மிளகு, சீரகம், மல்லி, துவரம்பருப்பு, ரெண்டு காய்ஞ்ச மிளகாய். வறுத்து, கொரகொரப்பா அரைச்சா போதும். 100 கிராம் மிளகு அஞ்சு சின்ன பாட்டிலுக்கு வரும்.

இப்போ கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். 'கையால செஞ்ச கிஃப்ட்'னு நாம காலரைத் தூக்கிவிடுறோமே, அதுல நம்ம கை கடைசிக் கைதான். சாமை ரொம்பப் பொடி தானியம். மேலே இருக்கிற தோலை நீக்க உரல்ல போட்டு இடிக்கணும், புடைக்கணும், மறுபடி இடிக்கணும். காலங்காலமா இந்த வேலை இந்த மலைப் பெண்கள் தலையிலதான். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமைனு எத்தனையோ ரகங்களை விதைச்சு, விதை எடுத்து வெச்சுக் காப்பாத்தினவங்க இவங்க. இடிக்கிற கஷ்டம் ஒருபக்கம், ரேஷன் அரிசி வந்தது ஒருபக்கம், ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போற மரவள்ளிக் கிழங்கு கையில காசு கொடுத்தது இன்னொரு பக்கம். சாமை விளைஞ்ச நிலமெல்லாம் சுருங்கிப்போச்சு. இதுல யாரைக் குத்தம் சொல்ல முடியும்? பிள்ளைங்க ஃபீஸ் கட்டக் காசு வேணுமே!

1990கள்ல இருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்யுது. தோல் நீக்குற சின்ன மெஷின்களைக் கொண்டு வந்தாங்க. மகளிர் குழுக்கள் சிறுதானியத்தைச் சுத்தம் பண்ணி, மாவு, மிக்ஸ்னு பாக்கெட் போட்டு விற்கப் பழகினாங்க. ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டா அறிவிச்சப்போ ஊரெல்லாம் சாமையைப் பத்திப் பேசிச்சு. பேச்சு நல்லதுதான். ஆனா, யாராவது தொடர்ந்து வாங்கினாதான் அடுத்த வருஷமும் அந்த நிலத்துல சாமை விதைப்பாங்க. அதனால மகளிர் குழு பாக்கெட் கண்ணுல பட்டா அதையே வாங்குங்க. மிளகு விற்கிற பாட்டிகிட்ட அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசாதீங்க ப்ளீஸ். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில நாம யாரும் பேரம் பேசுறதில்லையே!

நேரம் இருந்தா அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போய், ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஆகாய கங்கையில ஒரு குளியல் போடுங்க. திரும்ப ஏறும்போது முட்டி பேசும், கண்டுக்காதீங்க. துணிப்பை கொண்டு போங்க, பிளாஸ்டிக் குப்பையை மலையில விட்டுட்டு வராதீங்க.

கடைசியா, பாட்டில் மேல ஒட்டுற லேபிள். அந்த வேட்டைப் பாட்டுல, பாணர்கள் தன்னைப் புகழ்ந்து பாடினதும் ஓரிக்கு வெட்கம் வந்துடுச்சாம். நீங்களும் உங்க பேரைக் கீழே சின்னதா எழுதுங்க. மேலே பெருசா எழுதுங்க: 'கொல்லிமலைச் சாமை. மலைக்காரங்க விதைச்சது!'