கருங்காலிப் பேனாவும் கொஞ்சம் புள்ளிகளும்

போன டிசம்பரில் பையன் தன்னுடைய முதல் போனஸில் எனக்கு ஒரு மைப்பேனா வாங்கி அனுப்பினான். ஐரோப்பியத் தயாரிப்பு. உடம்பு கருங்காலி மரம், மூடி வெள்ளி நிறத்தில் உலோகம், நிப்பு 18 காரட் தங்கம். கம்பெனி பேர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன். விலை? 1991இல் நான் தில்லிக்கு வந்து வேலையில் சேர்ந்தபோது வாங்கிய ஒரு வருடச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி.

தங்கமணி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே சொன்னது, "லாக்கர்ல வெச்சுடுங்க. சரஸ்வதி பூஜைக்கு எடுத்து வெச்சா போதும்." பையனுக்கு ஃபோன் போட்டால் அவன், "அப்பா, எழுதறதுக்குத்தான் வாங்கினேன். தினமும் எழுதிப் பார்த்துட்டு நல்லா இருக்கான்னு சொல்லுங்க" என்கிறான். இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். குளிர், லூ காற்று, மழை என்று தில்லியின் மூன்று முகத்தையும் பேனா பார்த்தாயிற்று. இனி கருத்துச் சொல்லலாம்.

எனக்கு மைப்பேனா ஆடம்பரம் இல்லை. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு 84 வயது. காது அநேகமாகக் கேட்காது. மெஷின் வாங்கிக் கொடுத்தோம், "உள்ள யாரோ இரைச்சல் போடறான்" என்று கழற்றி வைத்துவிட்டாள். ஃபோனில் பேசினால் நான் ஒன்று கேட்க அவள் வேறொன்று சொல்வாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கடிதம். இரண்டு பக்கம், மூன்று பக்கம். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க அதைப் படிப்பாள். ஆக இந்தப் பேனாவுக்குத் தேர்வாளர் நான் இல்லை, அம்மாதான்.

முதலில் மரம். தமிழில் ஒருத்தனைக் கருங்காலி என்று சொல்லிப் பாருங்கள், அடி விழும். கூட இருந்தே குழி பறிப்பவனுக்குப் பெயர் அது. ஆனால் மரம் என்னவோ தங்கமானது. இலங்கைக் காடுகளிலும் நம் தென்னிந்தியக் காடுகளிலும் வளர்வது. தண்ணீரில் போட்டால் முங்கிப்போகும் அளவுக்குக் கனம். சமீப காலமாக ஊரில் பாதிப் பேர் கழுத்தில் கருங்காலி மாலையோடு திரிகிறார்கள். நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன், அவ்வளவுதான் :-)

மரத்தில் பேனா செய்வது சுலபமில்லை. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. குறுக்குவாட்டில்தான் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். தில்லியில் மே மாத மத்தியானம் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போவதுண்டு. ஆகஸ்டில் 80ஐத் தாண்டிவிடும். நம் வீட்டுக் கதவு ஜூனில் லொடலொட என்று ஆடுவதும் ஆகஸ்டில் இழுத்தால் வராததும் இதனால்தான். அதே விளையாட்டைப் பேனாவும் விளையாடினால் மரை இறுகும், அல்லது உடம்பில் கீறல் விடும். கருங்காலி காயும்போது வெடிக்கிற ஜாதி வேறு. எனவே மரத்துக்கு உள்ளே உலோகக் குழாய் வைத்து, மரையை அந்த உலோகத்தில் போடுகிறார்கள். வேறு சில இடங்களில் மரத்துக்குள் பிசினை ஏற்றி இறுக்கிவிடுகிறார்கள். ஜப்பானில் பிளாட்டினம் கம்பெனி பிரையர் என்கிற மரவேரில் பேனா செய்கிறது. புகைக்கும் பைப் செய்வார்களே, அதே வேர். பைலட் கம்பெனி மேப்பிள் மரத்தில் செய்கிறது. 1761இல் பென்சிலில் ஆரம்பித்த ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டெல், வயலின் வில் செய்யும் பெர்னாம்புகோ மரத்தில் பேனா போட்டது. பிரேசிலின் அந்த மரம் அழியும் நிலைக்கு வந்து, 2007இல் அதைச் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தார்கள். நம் செம்மரம் 1995லிருந்தே அந்தப் பட்டியலில் இருக்கிறது. மரப்பேனா வாங்குகிறவர்கள் மரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

என் பேனா மே மாதத்தைத் தாண்டிவிட்டது. கீறல் இல்லை. நான் செய்ததெல்லாம் காரில் விட்டுவிட்டுப் போகாததும், ஏ.ஸி. காற்று நேராக அடிக்கும் மேஜையில் வைக்காததும்தான். தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம். அது காயாது, பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். கையில் இருக்கும் எண்ணெயே போதும், இந்த ஒன்பது மாதத்தில் மரம் நன்றாகவே மெருகேறியிருக்கிறது.

இனி குறைக்கு வருகிறேன். மரப்பேனாவில் விரல் எங்கே படும் என்று யோசித்தீர்களா? மரத்தில் படாது! விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதி நிப்புக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே மை படும், கழுவும்போது தண்ணீர் படும். மரம் அதைத் தாங்காது என்று அந்த இடத்தில் பளபள உலோகம் வைத்துவிட்டார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சவ்வில் மட்டும்தான் மரம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். ஜனவரி காலை ஏழு மணிக்கு அந்த உலோகத்தைப் பிடித்தால் ஐஸ் குச்சியைப் பிடித்த மாதிரி. ஜூனில் வியர்வையில் வழுக்கும். விலையில் பெரிய பங்கு மரத்துக்கு, அந்த மரத்தைக் கண்தான் அனுபவிக்கிறது.

எடை இன்னொன்று. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூடியோடு 48 கிராம். மூடியைப் பின்னால் செருகி எழுதினால் ஏர் பிடித்த மாதிரி பின்பக்கம் இழுக்கும். செருகாமல் எழுதினால் கச்சிதம். மை அடைக்கும் உறைக்குள் அரை மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பிடிக்கிறது, அது எனக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் வரும். பள்ளிக்கூடத்தில் பேனாவின் வயிறு முழுக்க மை ஊற்றி எழுதினோமே, அந்த வகைப் பேனாவெல்லாம் இதைவிடப் பல மடங்கு குடிக்கும். மர உடம்பில் அப்படி ஊற்ற முடியாது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவனிடம் நாலு சொட்டு கடன் வாங்குகிற வசதியும் இதில் கிடையாது.

இனிதான் முக்கியமான சமாசாரம். இந்த நிப்புகளை ரோமன் எழுத்து எழுதுகிறவர்கள் தங்கள் கைக்காகச் செய்கிறார்கள். நம் எழுத்தோ சுழி. ஞ, ணை, றை எல்லாம் எழுதிப் பாருங்கள். நிப்பு தடியாக இருந்தால் சுழிக்குள் மை நிரம்பி எல்லாம் கரும்புள்ளி ஆகிவிடும். ஐரோப்பாக்காரன் 'ஃபைன்' என்று சொல்வது ஜப்பான்காரனின் 'மீடிய'த்துக்குப் பக்கத்தில் வரும். தமிழ் எழுதுகிறவர்களுக்குப் பொதுவாக ஜப்பானிய ஃபைன் நிப்பு சௌகரியம். ஆனால் என் தேர்வாளருக்குக் கண் மங்கல். மெல்லிய கோடு அவளுக்குத் தெரியாது. அதனால் பையனிடம் மீடியம் நிப்பு கேட்டு வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினேன். சுழி எல்லாம் திறந்தே விழுந்தது.

ஜனவரி கடைசியில் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. "எழுத்து நன்னா பெரிசா இருக்கு. ஆனா ஏண்டா புள்ளியே வெக்க மாட்டேங்கறே? படிக்கறதுக்குள்ள தலை சுத்தறது."

என் பிரதியை எடுத்துப் பார்த்தால் (நான் எழுதுவதை ஃபோனில் படம் எடுத்து வைப்பேன்) அம்மா சொன்னது சரி. கோடு இழுத்தால் மை அருமையாக வருகிறது. புள்ளி வைக்க ஒரு தொடு தொட்டால் மூன்றுக்கு ஒன்று விழவில்லை. 'அப்பளம் வந்து சேர்ந்தது' என்பதில் ஐந்து புள்ளி. அத்தனையும் போனால் 'அபபளம வநது சேரநதது'. ஆங்கிலம் எழுதுகிறவனுக்கு ஐ, ஜே என்று இரண்டு எழுத்துக்குத்தான் புள்ளி. நமக்கு வரிக்குப் பத்து. ஓலையில் எழுதிய நம் முன்னோர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், எழுத்தாணி ஓலையைப் பொத்தல் போட்டுவிடும் என்று. அவற்றைப் படித்துப் பதிப்பித்த உ.வே.சா. போன்றவர்கள் பட்ட பாடு பெரிய பாடு. பூதக்கண்ணாடி வைத்திருக்கும் 84 வயதுக் கிழவிக்கும் அந்தப் பாடு எதற்கு?

காரணம் என்னவென்றால், காகிதத்தில் படுவது தங்கம் இல்லை. நிப்பின் நுனியில் ஒட்டியிருக்கும் கடினமான உலோகக் குண்டுதான். விலையுயர்ந்த பேனா வழுவழுப்பாக எழுத வேண்டும் என்று அதை அளவுக்கு மேல் மெருகேற்றினால், நடுப்பிளவின் இரண்டு ஓரமும் உள்பக்கமாக வளைந்து நிற்கும். மை பிளவு வரைக்கும் வந்து நிற்கும், காகிதத்தை எட்டாது. கொஞ்சம் இழுத்தால் எட்டும். தொட்டு எடுத்தால் எட்டாது.

சர்வீஸுக்கு அனுப்பினால் ஆறு வாரம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை ஜாமா மஸ்ஜித் மெட்ரோவில் இறங்கி உர்தூ பஜார் பக்கம் போனேன். அங்கே ஒரு சந்தில் பேனாவும் கடிகாரமும் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் இருப்பதாக ஆபீஸில் ஒருவர் சொல்லியிருந்தார். காதில் மாட்டும் லென்ஸ் வைத்து நிப்பைப் பார்த்தார். "என்ன தொந்தரவு, சாப்?" என்றார். எங்கள் மொழியில் எழுத்துக்கு மேலே புள்ளி வைப்போம், அது விழமாட்டேன் என்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நுக்தா!" என்றார். உர்தூவும் புள்ளியில் ஓடுகிற எழுத்துதானே. காகிதத்தில் இரண்டு வார்த்தை எழுதிக் காட்டினார். மேலே புள்ளி வைத்தால் 'குதா', கடவுள். அதே புள்ளி கீழே இறங்கினால் 'ஜுதா', பிரிவு. முப்பது வருடமாகத் தில்லியில் இருக்கிறேன், என் பிரச்சினையை ஒற்றைச் சொல்லில் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான்.

நைஸான மெருகுத்தாளில் நிப்பை எட்டு மாதிரி ஏழெட்டுத் தடவை சுழற்றினார். "உங்கள் எழுத்தில் எழுதுங்கள்" என்றார். எழுதினேன். இன்னும் நாலு சுற்று. மறுபடி எழுதச் சொன்னார். நான் எழுதுவதைப் பார்க்காமல் காது கொடுத்துக் கேட்டார். புள்ளி விழுந்தது. இருநூறு ரூபாய். கம்பெனி கேரண்டி அத்தோடு போயிற்று, அதற்காக நான் வருத்தப்படவில்லை. (முப்பத்தைந்தாயிரம் ரூபாய் நிப்பை வேறு யாரிடமாவது கொடுத்து, அவர் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி. நீங்களே வீட்டில் உப்புத்தாள் எடுக்காதீர்கள்.)

தினசரி உபயோகத்துக்கு இதெல்லாம் போதுமா? ஆபீஸில் போதாது. கூரியர் ரசீது, கார்பன் வைத்த படிவம் எதற்கும் மைப்பேனா உதவாது, அழுத்த முடியாதே. பிரிண்டருக்குப் போடும் மலிவுக் காகிதத்தில் மை வேர்விட்டுப் பரவும். மந்திராலயங்களுக்குப் போனால் இன்னொரு கூத்து. பச்சை மை, சிவப்பு மையெல்லாம் இணைச் செயலாளரும் அதற்கு மேலே உள்ளவர்களும்தான், அதுவும் அபூர்வமாகத்தான், உபயோகிக்கலாம் என்று அலுவலக நடைமுறைக் கையேடு சொல்கிறது. ஃபைல்கள் கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட பிறகு அந்தப் பந்தாவும் குறைந்துவிட்டது. கடித உறையின் மேல் விலாசத்தை மட்டும் பால்பாயிண்டில்தான் எழுதுகிறேன். ஜூலையில் நனைந்தால் சாதா நீல மை கரைந்து ஓடிவிடும்.

பையனுக்கு நான் சொல்லியிருக்கும் தீர்ப்பு: அழகு நூற்றுக்கு நூறு, எழுத்து இப்போது தொண்ணூறு, பிடி ஐம்பது. மரம் கைக்குத் தருவதாகச் சொல்லும் கதகதப்பு உண்மையில் எபோனைட்டில்தான் கிடைக்கிறது. கெட்டிப்படுத்திய ரப்பர் அது. மைக்கும் தண்ணீருக்கும் அஞ்சாது, விரல் படும் இடம் வரைக்கும் அதிலேயே கடையலாம். ராஜமுந்திரியில் ரத்னம் பேனா, 1930களில் சுதேசிப் பேனாவாக ஆரம்பித்தது. 1935இல் காந்தி உபயோகித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று கடிதம் எழுதினார். நம் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் கையால் கடைகிறார்கள். வெயிலிலும் ஈரத்திலும் நிறம் மங்கும், கொஞ்சம் கந்தக வாசனை வரும். அதனாலென்ன. சீனத்து ஹீரோ பேனாவில் பரீட்சை எழுதிய தலைமுறைக்கு இதெல்லாம் குறையா?

ஆபீஸுக்கு எபோனைட், ஞாயிற்றுக்கிழமைக்குக் கருங்காலி என்று பிரித்துக்கொண்டேன். தங்கமணிக்கு இது பாதி வெற்றி. மாதத்துக்கு ஒரு முறை நிப்புப் பகுதியை மட்டும் தண்ணீரில் கழுவுகிறேன், மர உடம்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு. ஊருக்கு விமானத்தில் போகும்போது நிப்பு மேலே பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் அம்மா எழுதியிருந்தாள். "புள்ளியெல்லாம் இருக்கு. ஒரே நாள்ல படிச்சு முடிச்சுட்டேன். இனிமே நாலு பக்கமா எழுது. பேரன் வாங்கித் தந்த பேனா என்ன விலை?" நாலு பக்கம் எழுதிப் போட்டேன். விலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.