பாலத்துக்கு அந்தப் பக்கம்

கனநாளா எழுதவேணும் எண்டு நினைச்சு நினைச்சு விட்ட விசயம் இது. போன கிழமை டென்மார்க்கிலயிருந்து பெறாமகன் ஒருத்தன் போன் எடுத்தான். வயசு 23. சுகம் விசாரிச்சு முடிய, மெல்ல இழுத்தான்.

"சித்தப்பா, அந்தக் காலத்தில நீங்கள் சித்தியை எப்பிடிக் கூப்பிட்டனீங்கள்?"

கேட்ட விதத்திலயே விளங்கிட்டுது. பொம்பிளை ஊரில இருக்கிறா. "சித்தியை நான் கூப்பிடேல்லையடா. நான்தான் போனனான்" எண்டன். அவனுக்கு விளங்கேல்லை. போனில சொல்லி முடியிற கதையும் இல்லை. அதுதான் இஞ்சை எழுதுறன்.

அப்பா 1986 இல கிழக்கு பெர்லின் வழியா டென்மார்க்குக்கு வந்தவர். அந்த நேரம் எங்கட ஆக்கள் கனபேர் வந்த பாதை அது. 1983 ஆம் ஆண்டின் டெனிஷ் வெளிநாட்டவர் சட்டம் அப்ப ஐரோப்பாவிலயே தாராளமான சட்டங்களில ஒண்டு. அகதியா ஏற்கப்பட்டவர் குடும்பத்தைக் கூப்பிடுறது சலுகை இல்லை, உரிமை. அந்த உரிமையிலதான் 1989 இல அம்மாவும் நானும் வந்து சேர்ந்தம். எனக்கு அப்ப ஒன்பது வயசு. 1999 இல டெனிஷ் பிரஜை ஆனன். பாஸ்போர்ட்டைக் கையில தந்த அண்டைக்கு அப்பா அதை வாங்கி ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பார்த்தது இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது.

நான் கலியாணம் கட்டினது 2008 பெப்ரவரியில, திருச்சியில வைச்சு. மனிசி யாழ்ப்பாணம், சண்டையால இடம்பெயர்ந்து குடும்பத்தோட திருச்சியில இருந்தவ. எனக்கு 28, அவவுக்கு 22. அந்த 22 தான் பிரச்சினை.

டென்மார்க்கில 2002 யூலை முதலாம் திகதியிலயிருந்து புதுச் சட்டம். வெளியிலயிருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிடுறதெண்டால் ரெண்டு பேருக்கும் 24 வயசாவது இருக்கோணும். அதோட இன்னொரு நிபந்தனை: ரெண்டு பேருக்கும் சேர்த்து டென்மார்க்கோட இருக்கிற பிணைப்பு, வேறை எந்த நாட்டோடயும் இருக்கிறதை விடக் கூடவா இருக்கோணும். என்ரை 19 வருச டென்மார்க் வாழ்க்கை ஒரு தட்டில. அவவின்ரை 22 வருசமும், நான் ஊரில பிறந்து வளர்ந்த ஒன்பது வருசமும் மற்றத் தட்டில. தராசு எந்தப் பக்கம் சாயும் எண்டு சொல்லத் தேவையில்லை.

இந்தப் பிணைப்புக் கணக்கிலயிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. 28 வருசம் டெனிஷ் பிரஜையா இருந்தால் அது தேவையில்லை. அங்கை பிறந்த டேனிஷ்காரனுக்கு அது 28 ஆவது பிறந்தநாளோட வந்திடும். எனக்கு 1999 ஓட 28 ஐக் கூட்டினால் 2027. என்னோட ஒரே வகுப்பில இருந்து படிச்சவனுக்கும் எனக்கும் நடுவில 19 வருச வித்தியாசம். (இதே விதியை எதிர்த்து பியாவோ எண்டவர் வழக்குப் போட்டார். டோகோவில பிறந்து டெனிஷ் பிரஜையானவர், மனைவி கானா நாட்டுக்காரி. அவையும் மால்மோவுக்குத்தான் போனவை. இது பாரபட்சம் எண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016 மே 24 இல தீர்ப்புச் சொன்னது. எங்களுக்கு அது எட்டு வருசம் பிந்திட்டுது.)

அப்பதான் வேலையில கூட இருந்த ஒருத்தர், அவர் மனிசி பிரேசில்காரி, மால்மோவைப் பற்றிச் சொன்னார். "பாலத்தைக் கடந்தால் போதும். அங்கை நீ டெனிஷ்காரன் இல்லை, ஐரோப்பியன்."

முதல் கேக்க பகிடி மாதிரித்தான் இருந்தது. ஆனா சட்டம் அப்பிடித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 ஆம் இலக்கப் பணிப்புரை எண்டு ஒண்டு இருக்கு. ஒரு ஒன்றிய நாட்டுப் பிரஜை இன்னொரு ஒன்றிய நாட்டுக்குப் போய் வேலை செய்தால், தொழில் நடத்தினால், படிச்சால், அல்லது சொந்தக் காசில காப்புறுதியோட இருந்தால், அவற்றை மனைவியோ கணவனோ எந்த நாட்டுப் பிரஜையா இருந்தாலும் கூட இருக்கலாம், வேலையும் செய்யலாம். 24 வயசு, பிணைப்பு ஒண்டும் இல்லை. விசாவுக்குக் காசு வாங்கக்கூடாது, கெதியா முடிவு சொல்லோணும், வதிவிட அட்டை ஆறு மாதத்துக்குள்ளை குடுக்கோணும். ஆனா சொந்த நாட்டை விட்டு அசையாமல் இருக்கிறவனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவன் தன்ரை நாட்டுச் சட்டத்துக்குள்ளைதான்.

வடிவா யோசிச்சுப் பாருங்கோ. ஒரு சுவீடன்காரன் கொப்பன்ஹேகனில வேலை எடுத்து தன்ரை 22 வயசு மனிசியைக் கூப்பிடலாம். நான் கூப்பிடேலாது. என்ரை நாட்டில என்னை விட வெளியாளுக்கு உரிமை கூட.

எங்கட நல்லகாலத்துக்கு அதே 2008 யூலை 25 இல ஐரோப்பிய நீதிமன்றம் மெடொக் வழக்கில தீர்ப்புச் சொன்னது. கமரூனிலயிருந்து அயர்லாந்துக்கு வந்து அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் மெடொக். மனைவி பிரித்தானியப் பிரஜை, அயர்லாந்தில வேலை. கணவர் ஏற்கனவே வேறொரு ஒன்றிய நாட்டில சட்டப்படி இருந்திருக்கோணும் எண்டு அயர்லாந்து சொன்னது. அப்பிடிக் கேக்கேலாது எண்டது நீதிமன்றம். டென்மார்க்கிலயும் அதே நிபந்தனை இருந்தபடியா, அந்த இலையுதிர் காலம் முழுக்க டெனிஷ் பேப்பரில இதுதான் கதை.

நான் நவம்பரில மால்மோவுக்கு மாறினன். இதை ஜட்லண்டில இருந்த அம்மாவுக்குச் சொல்லேக்கை அவ கேட்ட கேள்வி இதுதான்:

"அப்ப தம்பி, நீயும் அகதியாப் போறியோ?"

சிரிச்சுச் சமாளிச்சன். அப்பா அப்ப உயிரோட இல்லை. இருந்திருந்தால் அவருக்கு எப்பிடிச் சொல்லியிருப்பன் எண்டு தெரியேல்லை.

கடதாசி வேலையில மறக்கேலாத ஒண்டு எங்கட பேர். எனக்குப் பின்பேர் அப்பாவின்ரை பேர். மனிசிக்குப் பின்பேர் அவவின்ரை அப்பாவின்ரை பேர். ஒரு மேசையில இருந்த பிள்ளை பேனையால சுட்டிக்காட்டி மரியாதையாத்தான் கேட்டா, "உங்கட மனைவியின்ரை பேரில இருக்கிற இந்த மற்ற ஆம்பிளை ஆர்?" எண்டு. "அவர் என்ரை மாமனார்" எண்டன். தமிழ்ப் பேர் எப்பிடி வைக்கிறது எண்டு ஒரு பக்கம் எழுதிக் குடுத்திட்டு வந்தன் :-)

மனிசி 2009 ஏப்ரலில வந்து இறங்கினா. அடுத்த மாதம் மே. அந்த மே மாதத்தைப் பற்றி எங்கட ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவவின்ரை சொந்தங்கள் கொஞ்சப்பேர் வன்னியில. புது நாடு, மொழி தெரியாது, தெரிஞ்ச ஒரு முகம் இல்லை. நான் விடிய ஆறு மணிக்கு ரெயின் ஏறினால் பின்னேரம் ஆறரைக்குத்தான் வீடு. வேலை கொப்பன்ஹேகனில, வரி டென்மார்க்குக்கு, கூட்டாளிமார் டென்மார்க்கில, பல்வைத்தியர் கூட டென்மார்க்கில. வீட்டில போன் அட்டைகள் மேசை முழுக்கக் கிடக்கும். நான் வரேக்கை அவ லைட் போடாமல் இருப்பா. நான் லைட்டைப் போட்டிட்டு, சாப்பிட்டிட்டு, டெனிஷ் செய்தி பார்ப்பன்.

இப்ப எழுதேக்கை வெக்கமா இருக்கு. அண்டைக்கு அது பிழை எண்டு தெரியேல்லை. நான்தானே அவவுக்காக நாட்டையே விட்டிட்டு வந்தனான் எண்ட ஒரு எண்ணம். அந்த எண்ணம் இருந்தால் வேறை ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது.

அவ வெளிநாட்டவருக்கான இலவச சுவீடிஷ் வகுப்புக்குப் போகத் தொடங்கினா. ஒரு வருசத்தில கதைச்சா. பிறகு முதியோர் இல்லம் ஒண்டில வேலை. நான் சுவீடிஷ் படிக்கேல்லை. டெனிஷை மெல்லமாக் கதைச்சால் அவங்களுக்கு விளங்கும் எண்டு சாட்டு. 2011 இல மகன் பிறந்தான். பிறந்த அண்டே டெனிஷ் பிரஜை. அவன் டென்மார்க்கில இருக்கலாம், தகப்பன் இருக்கலாம், தாய் மட்டும் எண்ணிக்கொண்டு இருக்கோணும்.

எண்ணுறது எண்டால் என்ன எண்டு 2014 தையிலதான் விளங்கினது. அம்மா பனியில சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. மனிசி வேலையில லீவு எடுத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு ஜட்லண்டுக்குப் போய் நிண்டா. குளிக்கவாக்கிறது, நடக்கப் பழக்கிறது எல்லாம் அவதான். சுவீடன் அட்டையோட டென்மார்க்கில 180 நாளில 90 நாள்தான் நிக்கலாம். அம்மாவின்ரை குசினிச் சுவரில முருகன் படம் போட்ட கலண்டர். அதில ஒவ்வொரு நாளும் ஒரு கோடு. 82 ஆவது கோட்டோட அவ வெளிக்கிட்டா. அம்மா இன்னும் தடி பிடிச்சுத்தான் நடந்துகொண்டிருந்தா.

"பிள்ளை, என்னைப் பார்க்கிறதுக்கும் கணக்கோ?" எண்டு அம்மா கேட்டாவாம். "ஓம் மாமி, மிச்சம் எட்டு நாள் வைச்சிருக்கிறன், ஏதும் அவசரமெண்டால் வர" எண்டு இவ சொன்னாவாம்.

நான் அண்டிரவே திரும்பிப் போறதைப் பற்றித் தேடினன். அதுக்கும் வழி இருக்கு. 1992 யூலை 7 இல வந்த சுரிந்தர் சிங் தீர்ப்பு. இந்தியரான சிங்கும் பிரித்தானிய மனைவியும் ஜெர்மனியில வேலை செய்திட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினவை. இன்னொரு ஒன்றிய நாட்டில உண்மையாக் குடும்பமா வாழ்ந்திட்டு வாறவை, அதே ஒன்றிய உரிமையோட சொந்த நாட்டுக்குத் திரும்பலாம். டென்மார்க்குக்கும் அது பொருந்தும். மனிசிக்கு அப்ப 28 வயசும் ஆகிட்டுது. சந்தோசமா ஓடிப்போய்ச் சொன்னன்.

அவ பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டா. திரும்பிப் பார்க்கேல்லை.

"உங்களுக்கு வீடு அங்கைதான். எனக்குத் தெரியும். இஞ்சை நீங்கள் படுக்க மட்டும்தான் வாறியள். ஆனா என்ரை வேலை இஞ்சை, என்ரை பாஷை இஞ்சை, பிள்ளையின்ரை பள்ளிக்கூடம் இஞ்சை. வராதை எண்டு சொன்ன வீட்டுக்கு நான் பின்வாசலால வரமாட்டன்."

ஆறு வருசத்தில அவ என்னட்டைக் குறையாச் சொன்னது அந்த ஒரு தரம்தான். எனக்குப் பதில் வரேல்லை. "நீர் சொல்லுறது சரி" எண்டு சொல்லவே எனக்கு ரெண்டு நாள் எடுத்தது.

முடிவு வேறை ஒரு இடத்திலயிருந்து வந்தது. 2015 கோடையில அம்மா சொன்னா, "நீங்கள் வரேலாதெண்டால் நான் வாறன்." டெனிஷ் பாஸ்போர்ட் அவவிட்டையும் இருக்கு. நோர்டிக் நாட்டுப் பிரஜைக்கு சுவீடனில இருக்க அனுமதி ஒண்டும் தேவையில்லை. போய்ப் பதிஞ்சால் சரி. டெனிஷ் ஓய்வூதியம் பாலத்தைத் தாண்டியும் வரும். தையல் மெசினும், அப்பாவின்ரை படமும், கருவேப்பிலைக் கண்டுமா வந்து இறங்கினா. ஒரே நாளில பதிவு முடிஞ்சுது. "இவ்வளவுதானோ?" எண்டு ரெண்டு தரம் கேட்டா.

அந்த நவம்பரிலயே சுவீடன் எல்லையில சோதினையைத் தொடங்கிட்டுது. 2016 சனவரி 4 இலயிருந்து காஸ்ட்ரப்பில எல்லாரும் இறங்கி, அடையாள அட்டை காட்டி, வேறை மேடையில போய் ரெயின் ஏறோணும். 35 நிமிசப் பயணம் எவ்வளவு நேரமா நீண்டது எண்டு அந்த வருசம் அதில போனவைக்குத் தெரியும். அந்தக் குளிரில லைனில நிக்கேக்கைதான் ஒண்டு மண்டையில ஏறினது: நான் ஏழு வருசமா இந்தப் பாலத்தில மட்டும்தான் வாழ்ந்திருக்கிறன். அந்த வருசம் மால்மோவில வேலை தேடி எடுத்தன். பின்னேர சுவீடிஷ் வகுப்பிலயும் சேர்ந்தன். வீட்டுப்பாடம் திருத்தினது மனிசியும் மகனும்.

எல்லாம் சரியாப்போச்சு எண்டு சொல்லமாட்டன். நிரந்தரமா வெளியில இருக்கிற டெனிஷ் பிரஜைக்கு, சில விதிவிலக்கைத் தவிர, டெனிஷ் நாடாளுமன்றத் தேர்தலில வாக்கு இல்லை. நான் சுவீடன் பிரஜை இல்லாதபடியா, இஞ்சை நகரசபைக்குப் போடலாம், நாடாளுமன்றத்துக்குப் போடேலாது. என்னை வெளியில அனுப்பின சட்டத்தைப் பற்றி வாக்குப் போடுற இடத்தில நான் இல்லை.

பெறாமகனுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிட்டன். 24 வயசு விதி இன்னும் இருக்கு. பிணைப்பு நிபந்தனை 2018 யூலையில போய், அதுக்குப் பதிலா இணைவு நிபந்தனைகள் வந்திருக்கு. 2004/38 அப்பிடியேதான் இருக்கு. பிரித்தானியா வெளியில போனதால அந்த நாட்டுக்காரருக்கு இந்தப் பாதை இல்லை, சுரிந்தர் சிங் வழியும் அவைக்கு 2022 மார்ச் 29 ஓட மூடியாச்சு. உனக்கு இன்னும் திறந்திருக்கு. பேருக்கு ஒரு அறை எடுத்துப்போட்டு ஏமாத்தாதை, உண்மையா வாழோணும், சம்பளச் சிட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாத்தையும் கவனமா வைச்சிரு.

சட்டத்தில இல்லாத ஒண்டையும் சொன்னன். போற நாட்டுக்கு நீயும் அவளோட சேர்ந்து முதல் நாளே போ. உடம்பை மட்டும் கொண்டுபோகாதை.

"விளங்குது சித்தப்பா" எண்டான். விளங்கியிருக்காது. எனக்கு ஏழு வருசம் எடுத்தது.

போனை வைக்க, அம்மா குசினியிலயிருந்து கேட்டா, "ஆரடா தம்பி, அவனும் இஞ்சாலை வரப்போறானாமோ? வரச்சொல்லு. கருவேப்பிலை நல்லா வளந்திட்டுது."